எந்த ஊர் உஷ்ணம்?

நாவல் எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் சமாசாரம் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மனிதர்களுடைய ஆசைகளைப் பற்றியும், அந்த ஆசைகளை வைத்து மற்ற மனிதர்கள் நடத்துகிற வியாபாரத்தைப் பற்றியும் எழுதுவது என் தொழில். நடுத்தரக் குடும்பம் ஒன்றிலிருந்து 1,25,000 ரூபாய் ஒரே நாளில் வெளியே போகிறதென்றால், அது நகைக் கடைக்குப் போனாலும் சரி, கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் சரி, கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் சரி, அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது எழுத்தாளனுடைய வேலைதான். நான் நின்று பார்த்தேன். பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காதது எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னஞ்சிறு பெட்டிக்குள் பெரிய விளையாட்டு யந்திரத்தை அடக்கித் தருகிறோம் என்கிறார்கள். "சூடு இத்தனை டிகிரிக்கு மேல் போகாது சார், பயப்படாதீங்க" என்று ஒரு கணக்கும் காட்டுகிறார்கள். அது குளிர்ந்த அறையில் போட்ட கணக்கு. கோவளத்தில் மே மாதத்து மாடி அறையில் அது செல்லாது. செல்லாத கணக்கைக் காட்டிச் சாமானை விற்பது. சாமான் கெட்டுப் போன பிறகு, "உங்க ஊர்க் காத்து சரியில்லை" என்று கையை விரிப்பது. இந்த இரண்டையும் ஒரே கடை செய்கிறது என்பதுதான் என் வழக்கு.

சிறிய பெட்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாம்பரத்திலும் கேளம்பாக்கத்திலும் 600 சதுர அடி வீட்டுக்குள் கட்டில், பீரோ, தையல் மெஷின், சுவாமி படம் எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்த பிறகு மேஜை மேல் மிச்சமிருப்பது ஒரு சாண் அகலம். அதில் அடங்கும்படி ஒரு யந்திரம் வேண்டுமென்று பையன் கேட்டால் அது ஆடம்பரம் அல்ல. விளையாட்டின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. நாவல் படித்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று சொன்ன பெரியவர்கள் ஒரு காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த நாவலின் உப்பைத் தின்று வளர்ந்தவன் நான். இன்னொரு பொழுதுபோக்கைப் பார்த்து முகத்தைச் சுளிக்க எனக்கு வாயில்லை.

இந்தச் சின்னப் பெட்டிகளுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. சாதாரணக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு, இன்டெல் கம்பெனி 1995-ல் வகுத்த அளவின்படி, 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. தைவான் தேசத்து வியா என்ற கம்பெனி 2001-ல் பக்கத்துக்கு 170 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரப் பலகையைக் கொண்டு வந்தது. மினி ஐ.டி.எக்ஸ். என்று பெயர். கொஞ்சமாக மின்சாரம் தின்று, கொஞ்சமாகச் சூடாகி, மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சாதுவான யந்திரங்களுக்காகப் பிறந்த பலகை அது. பிற்பாடு வந்தவர்கள் அந்தச் சாதுவின் தலையில் யானையை ஏற்றினார்கள். ஜெர்மனியிலிருந்து டான் ஏ4 என்று ஒரு கேபினெட் வந்தது. மொத்தக் கொள்ளளவு 7.2 லிட்டர்! நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தில் பாதி என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த அரைக் குடத்துக்குள் முழு அளவு கிராஃபிக்ஸ் கார்டும் போகும் என்பதைக் கண்டு உலகமே அதிசயித்தது. நானும் அதிசயித்தேன். வேலைப்பாடு பிரமாதம், சந்தேகமில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் என்பது மின்சாரத்தைச் சூடாக மாற்றுகிற அடுப்புதான். எத்தனை வாட் உள்ளே போகிறதோ அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். என்விடியா கம்பெனி 2022-ல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுக்கு 450 வாட். 2025-ல் வந்த 5090-க்கு 575 வாட். அதனுடன் ஒரு புரொசஸரும் சேர்ந்தால் சின்ன இஸ்திரிப் பெட்டியின் கணக்கை எட்டிப் பிடித்துவிடும். மேஜை மேல் இஸ்திரிப் பெட்டியை நாலு மணி நேரம் எரிய விட்டுப் பக்கத்தில் உட்கார யாராவது ஒப்புவார்களா?

நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவு பெரிய கார்டு வாங்குவதில்லை. 300 வாட் என்று அடக்கமாகவே வைத்துக் கொள்வோம். நான் பட்டப் படிப்பை எட்டாதவன். ஆனாலும் இன்டர்மீடியட் அளவில் படித்த பௌதிகம் இன்னும் மறந்து போகவில்லை. உள்ளே போகும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியே வர வேண்டுமென்றால், 300 வாட்டுக்கு விநாடிக்குச் சுமார் 25 லிட்டர் காற்று அந்தப் பெட்டிக்குள் புகுந்து வர வேண்டும். பத்து லிட்டர் பெட்டியென்றால் விநாடிக்கு இரண்டரை முறை அதன் வயிறு காலியாகி நிரம்ப வேண்டும். மணிக்கு 90,000 லிட்டர். பத்துக்குப் பத்து அறையில் பத்தடி உயரத்துக்கு உள்ள காற்று மொத்தமே 28,000 லிட்டர்தான். ஆக, அறையின் காற்று முழுவதையும் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை குடித்துத் துப்புகிறது அந்தச் சின்னப் பெட்டி. அது குடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்பதை அல்லவா முதலில் விசாரிக்க வேண்டும்?

விசாரிப்பதில்லை. பரீட்சை செய்து மார்க் போடுகிற வெளிதேசத்துப் பண்டிதர்கள் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். அது அவர்கள் தவறு அல்ல. அவர்கள் ஊர் அப்படி. அறையின் உஷ்ணம் இன்னது என்று எழுதியும் வைக்கிறார்கள். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்து வந்து இங்கே காட்டுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். அறை எவ்வளவு ஏறுகிறதோ, யந்திரமும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். 21 டிகிரி அறையில் 78 காட்டுகிற புரொசஸர், அதே வேலைக்கு, 34 டிகிரி அறையில் 91-ஐ நோக்கிப் போகும். விளையாட்டுக்கு ராஜா என்று பெயர் வாங்கிய ஏ.எம்.டி. ரைசன் 7 7800 எக்ஸ்3டி புரொசஸருக்கு உச்ச வரம்பு 89 டிகிரி. வரம்பைத் தொட்டால் வெடித்துவிடாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொண்டு தப்பித்துக் கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் கத்திரி வெயில் தின்றுவிடும். ஃபேன் மட்டும் மாவு மில் மாதிரி அலறிக் கொண்டிருக்கும்.

"எந்த உஷ்ணத்தில் சோதித்தோம் என்பதையெல்லாம் வியாபாரத்தில் சொல்லிக் கொண்டிருக்க முடியுமா சார்?" என்று ஒரு வியாபாரி என்னிடம் கேட்டார். ஏன் முடியாது? அதே கடையில் விற்கிற எஸ்.எம்.பி.எஸ். தயாரிப்பவர்களில் நல்லவர்கள் சொல்கிறார்களே! தாங்கள் சொல்லும் வாட் 40 டிகிரியில் அளந்ததா, 50 டிகிரியில் அளந்ததா என்று எழுதித்தான் கொடுக்கிறார்கள். ஒரு சாமானுக்கு முடிவது பக்கத்துச் சாமானுக்கு முடியாதா?

இதுவரை சொன்னது தாம்பரத்துக்கும் பொருந்தும். கடற்காற்று நேரத்தோடு வந்து சேராத நாளில் அங்கே வெயில் எங்களைவிட ஒரு பங்கு அதிகம்தான். எங்கள் கோவளத்துக்கென்று தனியாக இன்னொரு கஷ்டம் இருக்கிறது. அதற்குப் பெயர் உப்பு.

சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கார்களில் வந்து இறங்குகிறவர்கள், "ஆஹா, என்ன காற்று!" என்று கைகளை விரித்துக் கொண்டு நிற்கிறார்கள். 2021-ல் எங்கள் கடற்கரைக்கு நீலக்கொடி கிடைத்த பிறகு கூட்டம் இன்னும் அதிகம். நல்ல காற்றுதான், மனிதருக்கு. கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே உப்பளங்கள் இருந்த பூமி இது. பாத்தி கட்டினால்தான் உப்பு என்பதில்லை. அலை உடைகிற இடத்தில் எழும் நுண்ணிய துளிகள் காய்ந்து காற்றோடு வந்து வீட்டுக்குள் படிகின்றன. கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இது மிக அதிகம். உள்ளே போகப் போகக் குறையும். பெட்டியின் முன்னால் மாட்டுகிற வலை பஞ்சையும் தலைமயிரையும் பிடிக்குமே தவிர இந்த உப்பைப் பிடிக்காது.

அதன் பிறகு நடப்பது ஊறுகாய் போடுகிற காரியம்தான். யந்திரம் ஓடும்போது, மணிக்கு 90,000 லிட்டர் வீதம், உப்பை உள்ளே இழுத்துப் பலகையின் மேலும் தகடுகளின் மேலும் படிய வைக்கிறது. ஓடும்வரை ஆபத்துக் குறைவு. உள்ளே சூடு இருப்பதால் ஈரம் தங்காது. நிறுத்திய பிறகு ஆறிப்போகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும்; எங்கள் ஊரில் விடியற்காலைகளில் அது சர்வ சாதாரணம். சமையலறையில் உப்பு ஜாடி வேர்ப்பதைப் பார்க்காத வீடு உண்டா? அதே வேர்வை மெல்லிய செம்புக் கோடுகளின் மேல் உட்காருகிறது. தகடு துருப்பிடிக்கிறது, செம்பு பச்சை பூக்கிறது. ஓடுகிற யந்திரத்தைவிட ஓய்ந்து கிடக்கிற யந்திரத்தைத்தான் கடல் அதிகம் தின்கிறது. பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்று ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் தொடாமல் வைத்த பிள்ளை, பரீட்சை முடிந்து வந்து பட்டனை அழுத்தினால் அது எழுந்திருக்காமல் போவதன் ரகசியம் இதுதான்.

இது யாருக்கும் தெரியாத வித்தை அல்ல. படகில் மோட்டார் வைத்திருக்கிற எங்கள் மீனவர்களுக்குத் தெரியும். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். ஜன்னல் கம்பிக்கு வர்ணம் பூசுகிறவருக்குத் தெரியும். ஏ.ஸி. விற்கிறவருக்கு நன்றாகவே தெரியும், "கடலோரமா? அப்படின்னா நீலப் பூச்சுப் போட்ட தகடு உள்ளதா எடுத்துக்குங்க" என்று அவரே சொல்லி விற்கிறார். ரிச்சி தெருவில் சாலிடரிங் அயர்னும் பிரஷ்ஷும் வைத்துக் கொண்டு பழுது பார்க்கிறவர்கள், பச்சை பிடித்த பலகையைக் கண்டதுமே, "கடல் பக்கமா சார்?" என்று கேட்கிறார்கள். புதுச் சாமானை விற்கிற கண்ணாடிக் கடைக்கு மட்டும் தெரியாதாம்!

எங்கள் தெருவில் ஒரு பள்ளிக்கூடக் குமாஸ்தா இருக்கிறார். சொசைட்டியில் கடன் எடுத்து மகனுக்கு அப்படி ஒரு யந்திரம் வாங்கிக் கொடுத்தார். பையன் இரவில் விளையாடுவான். பகலில் அதே யந்திரத்தில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து மாதத் தவணையில் பாதியை அவனே கட்டிக் கொண்டிருந்தான். பதினாலாம் மாதம் கிராஃபிக்ஸ் கார்டு கண்ணை மூடிவிட்டது. மூன்று வருஷ வாரண்டி. கடையில் கொடுத்தார்கள்; மூன்று வாரம் கழித்து, "துரு. வாரண்டி பொருந்தாது" என்ற சீட்டோடு அப்படியே திரும்பி வந்தது. வைகாசி முகூர்த்தங்களுக்கு வாங்கியிருந்த முன்பணத்தைப் பையன் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தான். குமாஸ்தா சாது மனிதர். "துருப் பிடிக்கும் என்று விற்கும்போதே சொல்லியிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார். "நீங்க கடலோரம்னு சொல்லலையே சார்" என்றான் கவுண்டரில் இருந்த இளைஞன். அவர் சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்துக் காட்டினார். அதில் அந்தக் கடையின் யந்திரமே அச்சடித்திருந்தது: கோவளம்.

துருவுக்கு வாரண்டி இல்லை என்ற ஷரத்து காகிதத்தில் எங்கோ பொடி எழுத்தில் இருந்திருக்கும். இருக்கட்டும். துருவுக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று எழுதி வைக்கத் தெரிந்தவருக்குத் துருப்பிடிக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது என்றல்லவா அர்த்தம்?

இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பவர்கள் உண்டு. "ஏ.ஸி. போட்டுக் கொள்ளட்டுமே" என்பது முதல் பதில். ஏ.ஸி. உள்ள வீட்டுக்கு அது சரியே. பகல் முழுவதும் அது ஓடுமானால். நம் வீடுகளில் ஏ.ஸி. என்பது இரவில் சில மணி நேரம் ஓடிக் காலையில் நிற்கிற ஒன்று. நின்றதும் ஜன்னலைத் திறக்கிறோம். மே, ஜூனில் கடலோரக் காற்று 25, 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதன் ஈரம் துளியாக இறங்கிவிடும். அறையில் 24 டிகிரிக்குக் குளிர்ந்து கிடக்கும் இரும்புப் பெட்டி, ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது போல வேர்க்கும். அரைகுறை ஏ.ஸி. உப்புக்குச் சிநேகிதன். காலையில் ஜன்னலைத் திறந்து அரை மணியாவது பொறுத்துத்தான் பட்டனைத் தொட வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லி நான் கேட்டதில்லை.

"லிக்விட் கூலர் போட்டால் தீர்ந்தது" என்பது இரண்டாவது பதில். தண்ணீர் சூட்டைத் தின்றுவிடுவதில்லை. சுமந்து கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்குகிறது. ரேடியேட்டரை ஆற்றுவது அதே 34 டிகிரிக் காற்று. நடுவில் பழுதாக ஒரு பம்பு வேறு. பெரிய கேபினெட்டில் அதற்கு வேலை இருக்கலாம். அரைக் குடத்துப் பெட்டியில் அது வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனை வெளியே தள்ளிய கதைதான்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? வாட்டை முதலில் பாருங்கள். வேகத்தைப் பிறகு பார்க்கலாம். ஏ.எம்.டி. கம்பெனியில் ரைசன் 5 7600 என்று ஒன்றும், 7600 எக்ஸ் என்று ஒன்றும் உண்டு. இரண்டிலும் அதே ஆறு கோர். உச்ச வேகம் ஒன்றுக்கு 5.1, மற்றதற்கு 5.3 கிகாஹெர்ட்ஸ். அந்த எக்ஸ் என்ற ஒற்றை எழுத்துக்காகக் குறிப்பில் 65 வாட் என்பது 105 வாட் ஆகிறது. நூற்றுக்கு நாலு வேகத்துக்கு நாற்பது வாட் அனல்! குளிர்தேசத்தான் குளிர்காய்வதற்காவது ஆகும் என்று வாங்கலாம், நமக்கு எதற்கு? கிராஃபிக்ஸ் கார்டிலும் அப்படியே. 2021-ல் வந்த 3060-க்கு 170 வாட். 2023-ல் வந்த 4060-க்கு 115 வாட்தான், வேகத்திலும் அது முந்தியது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழையதைச் சின்னப் பெட்டிக்குள் திணிப்பவர் அந்த 55 வாட்டையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். வாங்கிய பிறகும் கார்டின் மின்சார வரம்பை நூற்றுக்கு இருபது குறைத்து வைக்கலாம். வேகத்தில் இழப்பது பெரும்பாலும் அதைவிட மிகவும் குறைவு. அதற்கான சாதனம் யந்திரத்தோடேயே இலவசமாகக் கிடைக்கிறது. வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கொடுக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். குறைக்கச் சொல்லிக் கொடுக்க ஒருவர் இல்லை.

பெட்டியிலும் பேராசை வேண்டாம். 7.2 லிட்டர் டான் ஏ4-க்குள் புரொசஸரின் தலையில் வைக்கிற ஹீட் சிங்க் 48 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆஸ்திரியாவின் நாக்டுவா கம்பெனி 37 மில்லிமீட்டரில் அருமையாக ஒன்று செய்கிறது. அதுவும் 65 வாட் சாதுவுக்குத்தான் துணை, முரடனுக்கு அல்ல. 2020-ல் வந்த கூலர் மாஸ்டர் என்.ஆர். 200 போன்ற 18 லிட்டர் கேபினெட்டும் சிறியதுதான். மேஜையில் அடங்குகிறது, உயரமான ஹீட் சிங்கும் அகலமான ஃபேனும் உள்ளே போகின்றன, ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். கண்ணாடிப் பக்கம் வேண்டாம். சல்லடைத் தகடு போதும். உள்ளே சீரியல் விளக்குப் போட்டுக் கல்யாண மண்டபம் மாதிரி ஜோடிக்கிற காசில் 50 டிகிரிக்குக் கணக்கிட்ட எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாம். உள்ளே உள்ள மின்தேக்கிகளுக்குப் பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுசு ஏறக்குறைய இரட்டிப்பு. கிழக்கு ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரமாவது ஓடட்டும். ஊருக்குப் போகும்போது, ஆறிய பிறகு, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள்.

இவ்வளவையும் ஒரு குமாஸ்தாவும் அவர் மகனும் தாங்களாகவே படித்துத் தெரிந்து கொள்ள வேண்டும் என்பது நியாயமல்ல. விற்கிறவர் சொல்ல வேண்டியது இது. பில்லில் வாங்குகிறவரின் ஊர்ப் பெயரை அச்சடிக்கத் தெரிந்த கடைக்கு, அதன் கீழே இன்னும் இரண்டு வரி அச்சடிக்க மை குறைந்து போகாது. அறை 35 டிகிரி இருந்தால் இந்த யந்திரம் எத்தனை டிகிரி காட்டும் என்பது ஒரு வரி. கடலிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் துருவுக்கு வாரண்டி கிடையாது என்பது மற்றொரு வரி. பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டு வரியையும் தகப்பனார் படிக்க வேண்டும். படித்துவிட்டு வாங்குவதா, மெளனமாக எழுந்து வந்து விடுவதா என்பதை அவர் பார்த்துக் கொள்வார்.